மலையேறும் காருக்கு எயார் இன்டேக் குழாய் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்டேக் குழாய் செய்ய வருபவர்களில் பலர் முதலில் வாங்கிக்கொண்டு வருவது குழாயைத்தான். பளபளக்கும் 3 அங்குல அலுமினியம், சிவப்பு சிலிக்கன் ஹோஸ், ஒரு கூம்பு பில்டர். அப்புறம்தான் பொனட்டைத் திறந்து எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். வேலை அங்கேயே கோணலாகிவிடுகிறது. பில்டர் எங்கே நிற்கப்போகிறது, காற்றை அளக்கும் சென்சருக்கு என்ன தேவை என்ற இரண்டும் முடிவான பிறகு, அவற்றை த்ரொட்டிலோடு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) இணைக்கும் வழியாகக் குழாய் கடைசியில் வரவேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. வரிசையை மாற்றாதீர்கள்.

மலைநாட்டில் இந்த வேலைக்குக் கூடுதல் கவனம் தேவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 30 பாகை வெயிலில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், நுவரெலியாவின் 15 பாகைக் குளிரிலும் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்துக்குக் காரைத் தயார்படுத்துகிறவர், வரிசையில் நிற்கும் முன்பே அவ்வளவு காற்றை இழந்துவிட்டார். மிச்சமிருப்பதைச் சூடாக்காமல், தடுக்காமல், கசியவிடாமல் இயந்திரத்துக்குள் சேர்ப்பதே இந்தக் குழாயின் வேலை.

1. எதையும் கழற்றுமுன் அளந்து எழுதிவையுங்கள்

முன்பு இருந்ததை அளக்காதவருக்கு, புதிய குழாயால் நன்மையா தீமையா என்று தெரியவே தெரியாது. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக நினைத்துக்கொள்வார். மூன்று அளவுகள் போதும்.

முதலாவது, உள்ளே போகும் காற்றின் வெப்பம். ஓபிடி இணைப்பு (காரின் கணினி தரும் எண்களை வாசிக்கும் சொக்கட்) உள்ள காரென்றால் மலிவான புளூடூத் ரீடர் ஒன்றும் கைபேசியும் போதும். பழைய காருக்கு, நீளமான வயர் கொண்ட டிஜிட்டல் வெப்பமானியின் முனையை பில்டரின் வாயருகே கட்டிவிடுங்கள். சும்மா நிற்கும்போது, சமதரையில் ஓடும்போது, ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது என்று மூன்று நிலைகளிலும் எழுதுங்கள்.

இரண்டாவது, பியூவல் ட்ரிம். காரின் கணினி (ஈசியு) எரிபொருளைத் தானாக எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும் எண் இது. ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் குறுங்கால, நீண்டகால எண்கள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு தவறைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த எண்கள்தான்.

மூன்றாவது, பழைய இன்டேக்கின் தடை. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஒளிபுகும் சிறிய ஹோஸை ஆங்கில யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதியளவு தண்ணீர் விட்டு, பக்கத்தில் அளவுகோல் ஒட்டுங்கள். ஒரு முனையை த்ரொட்டிலுக்குச் சற்று முன்னால் உள்ள குழாயில் செருகுங்கள். மறுமுனை காருக்குள் திறந்தே இருக்கட்டும். முழு த்ரொட்டிலில் இரு பக்கத் தண்ணீருக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கவேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் தடை. பலகையின் உயரம் முக்கால் மீற்றராவது இருக்கவேண்டும். இல்லையென்றால் இயந்திரம் தண்ணீரை இழுத்துவிடும்.

இதே அளவை பில்டருக்குப் பின்னால், சென்சருக்குப் பின்னால், த்ரொட்டிலுக்கு முன்னால் என்று தனித்தனியாக எடுத்தால் தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பல கார்களில் அது குழாயில் இருக்காது. பில்டர் பெட்டிக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய மூக்கில் இருக்கும். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது புதிய மூக்கு மட்டும்தான். மிச்சக் காசை டயருக்குச் செலவழியுங்கள்.

முழு த்ரொட்டில் சோதனையை டைனோவிலோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) மூடிய ஓட்டப் பாதையிலோ மட்டும் செய்யுங்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் நடக்கும் தோட்டத்து வீதியில் ஒருபோதும் வேண்டாம்.

2. சென்சர் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இயந்திரம் தனக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதை இரண்டு வழிகளில் ஒன்றால் அறிகிறது. ஹொண்டா சிவிக்கின் பி16 போன்றவற்றில் மானிபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் பகுதி) அழுத்தத்தைப் படிக்கும் மேப் சென்சர் இருக்கும். சுபாரு டபிள்யுஆர்எக்ஸ், நிசான் எஸ்ஆர்20 டர்போ, மிட்சுபிஷி லான்சர் எவோ போன்றவற்றில் குழாயிலேயே எயார்புளோ சென்சர் இருக்கும்.

மேப் சென்சர் உள்ள காரில் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். குழாயின் விட்டம் மாறினாலும் கணக்கு குழம்பாது. காற்றின் வெப்பத்தைப் படிக்கும் சென்சர் பழைய குழாயில் இருந்தால் அதை மட்டும் புதிய குழாய்க்கு மாற்றவேண்டும். அது வெளியே தொங்கினால் பொனட்டுக்குள் இருக்கும் சூட்டைப் படிக்கும். ஈசியு அதை நம்பி எரிபொருளையும் இக்னிஷன் டைமிங்கையும் மாற்றிவிடும்.

எயார்புளோ சென்சர் உள்ள காரில்தான் இயந்திரங்கள் உருகுகின்றன. சுடுகம்பிச் சென்சர் படிப்பது, தன்னைக் கடக்கும் காற்றின் ஓட்டத்தை. அந்த இடத்தில் உள்விட்டம் 66 மில்லிமீற்றராக இருந்ததை 72 ஆக்கினால் பரப்பளவு 19 சதவீதம் கூடும். அதே அளவு காற்று இப்போது மெதுவாகக் கடக்கும். ஆறில் ஒரு பங்கு காற்று வரவேயில்லை என்று ஈசியு நினைத்து எரிபொருளைக் குறைக்கும். மெதுவாக ஓட்டும்போது ஒட்சிசன் சென்சர் இதைத் திருத்திவிடும். முழு த்ரொட்டிலில் பெரும்பாலான கார்கள் அந்தத் திருத்தத்தைக் கேட்பதில்லை. கலவை லீன் ஆகும் (எரிபொருள் குறைந்து காற்று கூடும்), நொக்கிங் தொடங்கும் (கலவை நேரம் தவறி வெடிக்கும்), பிஸ்டன் போகும்.

ஆகவே ஈசியுவை மறுபடி டியூன் செய்யாதவரை, சென்சர் உட்காரும் பகுதியின் உள்விட்டத்தை மாற்றவேண்டாம். முழுக்கூடாக வரும் சென்சரை அப்படியே வையுங்கள். பெட்டியில் செருகும் வகையென்றால், உடைந்த பெட்டி ஒன்றிலிருந்து அந்தத் துண்டை வெட்டியெடுங்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினால் கிடைக்கும். உங்கள் நல்ல பெட்டியை வெட்டாதீர்கள். குழாய் சரிவராவிட்டால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

சென்சருக்கு முன்னால் 100 முதல் 150 மில்லிமீற்றராவது நேரான குழாய் வேண்டும். வளைவை ஒட்டியே சென்சரை வைத்தால் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், அளவு தடுமாறும். வாயில் தேன்கூடு போன்ற வலை இருந்தால், தடை குறையும் என்று சொல்லி யாராவது கழற்றச் சொன்னாலும் கழற்றாதீர்கள். காற்றை நேராக்குவதே அந்த வலைதான்.

3. பில்டருக்கு இடம்

இந்த வேலையின் நன்மையில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது. ரம்பொடை ஏற்றத்தில் லொறி ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும் காரின் பொனட்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள். முன்னால் இருந்து காற்று வருவதில்லை. ரேடியேட்டரின் சூடு முழுவதும் உள்ளேயே சுற்றுகிறது. வெளியே 15 பாகை இருக்கும்போது பில்டரின் வாயில் 55 பாகை என்றால் காற்றின் அடர்த்தி 12 சதவீதம் குறைகிறது. உயரத்தால் இழந்தது போதாதென்று இதையும் இழக்கிறீர்கள். திறந்த கூம்பு பில்டரை எக்ஸோஸ்ட் மானிபோல்டின் அருகே வைத்து, அதைப் பெர்போமன்ஸ் என்று சொல்வதை ஏற்கவே முடியாது.

நல்ல இடத்தில் மூன்று குணங்கள் இருக்கும். வெளிக்காற்று நேராக வரவேண்டும். எக்ஸோஸ்ட் மானிபோல்ட், ரேடியேட்டர் காற்றாடி இரண்டிலிருந்தும் விலகியிருக்கவேண்டும். தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலான கார்களில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள மூலை பொருத்தமானது. பேட்டரி அங்கே இருந்தால் சிறிய பேட்டரிக்கு மாறலாம், அல்லது பின்னால் கொண்டுபோகலாம்.

பம்பருக்குள் கீழே பில்டரை இறக்குவது கரையோரத்தில் நன்றாக இருக்கலாம். இங்கே வேண்டாம். மழை பிடித்தால் மலைச்சரிவிலிருந்து வரும் தண்ணீர் வீதியைக் குறுக்கே வெட்டி ஓடும். பில்டர் அதில் மூழ்கினால் இயந்திரம் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

இடம் முடிவானதும் பில்டரைச் சுற்றி ஒரு பெட்டி செய்யுங்கள். 1 முதல் 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். முதலில் கார்ட்போர்டில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தகட்டை வெட்டுங்கள். பெட்டியின் மேல் விளிம்பில் றப்பர் பீடிங் ஒட்டினால் பொனட் மூடியதும் அதுவே மூடியாகிவிடும். முன்பக்கத்திலிருந்து ஒரு குழாயால் வெளிக்காற்றைப் பெட்டிக்குள் விடுங்கள். அந்தக் குழாய் நேராக பில்டரைப் பார்க்காமல் பெட்டியின் பக்கச்சுவரைப் பார்க்கட்டும். மழைத்துளியும் பனிமூட்டத்தின் ஈரமும் சுவரில் பட்டுக் கீழே வடியும். அடியில் 5 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுங்கள். பில்டருக்கு முன்னால் உள்ள பகுதியில் மட்டும்தான் ஓட்டை. பின்னால் போட்டால் தூசி வடிகட்டாமல் உள்ளே போகும்.

குழாய்க்கு வெப்பத் துணி சுற்றவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 60 சென்ரிமீற்றர் குழாயை விநாடிக்கு 30 மீற்றர் வேகத்தில் கடக்கும் காற்று அதற்குள் 0.02 விநாடிதான் இருக்கிறது. அதற்குள் பெரிதாகச் சூடாகாது. துணிக்கான காசைப் பெட்டிக்குப் போடுங்கள்.

4. விட்டத்தைக் கணக்கிடுங்கள்

பெரிய குழாய் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2 லீற்றர் இயந்திரம் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நிமிடத்துக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 7,000 லீற்றர் காற்றை இழுக்கும், அதாவது விநாடிக்கு 117 லீற்றர். உள்விட்டம் 59 மில்லிமீற்றர் என்றால் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 43 மீற்றர். 66 என்றால் 34. 72 என்றால் 29.

டர்போ இல்லாத காருக்கு வேகம் விநாடிக்கு 40 மீற்றருக்கு உள்ளே வந்தால் போதும். 1.6 லீற்றருக்கு 63 மில்லிமீற்றர் வெளிவிட்டம், 2 லீற்றருக்கு 70. அதற்கு மேல் போனால் வளைக்க இடம் கிடைக்காது, எடை கூடும், வேறொன்றும் கிடைக்காது.

டர்போ காரில் கணக்கு வேறு. கடல்மட்டத்தில் 80 கிலோபாஸ்கல் பூஸ்ட் (வெளியழுத்தத்துக்கு மேலான அழுத்தம்) தர, டர்போ காற்றை 1.8 மடங்கு அழுத்தவேண்டும். நுவரெலியாவில் வெளியழுத்தமே சுமார் 81 கிலோபாஸ்கல்தான். அதே பூஸ்டுக்கு 2 மடங்கு அழுத்தவேண்டும். டர்போவின் வாய்க்கு முன்னால் உள்ள ஒவ்வொரு தடையும் அந்த மடங்கை இன்னும் கூட்டும். மலையில் ஓடும் டர்போ காருக்கு 76 மில்லிமீற்றர் குழாய் அதிகமில்லை. சென்சர் பகுதி மட்டும் பழைய உள்விட்டத்திலேயே இருக்கட்டும்.

5. எந்தப் பொருள்

அலுமினியம் எடை குறைந்தது, துருப்பிடிக்காது. ஆனால் அதை ஒட்ட ஏசி டிக் வெல்டிங் மெஷின் வேண்டும். அது இல்லாத கடைகள் மலையகத்தில் நிறைய. விசாரிக்காமல் அலுமினியத்தை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்த தெரிவு 304 ஸ்டெயின்லெஸ், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. ஹோட்டல்களுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் கடைகளில் 2.5 அங்குலம், 3 அங்குலம் இரண்டும் வெட்டுத்துண்டாகவே கிடைக்கும். அங்குள்ள வெல்டிங் பாஸுக்கும் அந்தக் குழாயில் கை பழகியிருக்கும்.

சாதாரண இரும்புக் குழாய் பனிமூட்டத்தில் உள்ளே துருப்பிடித்து, துரு உதிர்ந்து இயந்திரத்துக்குள் போகும். நாகம் பூசிய ஜீஐ பைப்பை வெல்ட் செய்தால் நாகப் புகை வரும், மூச்சுக்கு ஆபத்து. பிவிசி சூட்டில் இளகும். ஆனால் அடுத்த படியில் பிவிசிதான் உங்கள் நண்பன்.

6. மாதிரியைப் பிவிசியில் செய்யுங்கள்

தண்ணீர்க் குழாய் 63, 75 மில்லிமீற்றர் அளவுகளில் வருகிறது. நமக்கு வேண்டிய 2.5, 3 அங்குலத்துக்கு மிக அருகில். துண்டுகளும் எல்போக்களும் வாங்கி, பில்டரிலிருந்து த்ரொட்டில் வரை காரிலேயே டேப்பால் ஒட்டிக் கட்டுங்கள். பிழை விட்டால் இன்னொரு துண்டை வெட்டலாம், செலவு மிகக் குறைவு.

வளைவுகளைக் குறையுங்கள். 90 பாகை வளைவு ஒன்றைவிட, இடம் இருந்தால், தூரமாக அமைந்த இரண்டு 45 பாகை வளைவுகள் மேல். வாங்கப்போகும் வளைவு மாண்ட்ரெல் முறையில் (உள்ளே தாங்கி வைத்து நசுங்காமல்) வளைத்ததாக இருக்கவேண்டும். சாதாரண பெண்டரில் வளைத்தால் உட்பக்கம் நசுங்கி, 70 மில்லிமீற்றர் குழாய் அந்த இடத்தில் மட்டும் 55 ஆகிவிடும்.

மாதிரி பொருந்தியதும் இரண்டு சோதனைகள். குழாயின் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து பொனட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். களிமண் 15 மில்லிமீற்றருக்குக் கீழே நசுங்கியிருந்தால் குழாயை இறக்கவேண்டும். அடுத்தது இயந்திரத்தின் ஆட்டம். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியரில் போட்டு, கிளச்சைக் கொஞ்சம் விடட்டும். இயந்திரம் எவ்வளவு சாய்கிறது என்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் யாரும் நிற்கவே கூடாது. எல்லாப் பக்கமும் 25 மில்லிமீற்றராவது இடைவெளி விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் இந்த ஆட்டம் இன்னும் கூடும்.

எல்லாம் சரியானால் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் மார்க்கரால் ஒரு கோடு கீறி, எண் போடுங்கள். கழற்றிய பிறகு எந்தத் துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைச் சொல்ல அந்தக் கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 5 பாகை திரும்பினாலும் மறுமுனை த்ரொட்டிலைத் தாண்டிப் போய்விடும்.

7. வெட்டுதல், வெல்டிங், சிறு இணைப்புகள்

உலோகத் துண்டுகளை மாதிரியின் அளவுக்கு வெட்டி, விளிம்புகளை அரத்தால் உள்ளும் புறமும் மழுங்கச் செய்யுங்கள். வெட்டு முகங்கள் வெளிச்சம் தெரியாதபடி சேரவேண்டும். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால் உள்ளே கட்டிகள் தொங்கும்.

மூட்டுக்கு நான்கு இடத்தில், எதிரெதிராக, டாக் (சிறு புள்ளி வெல்டிங்) வைத்து, காருக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்து, அதன் பிறகே முழு வெல்டிங். காரில் வைத்தே வெல்ட் செய்யவேண்டாம், ஈசியு பழுதாகலாம். ஹோஸ் மாட்டும் முனைகளில் பீடிங் மெஷினால் ஒரு வளையம் எழுப்பச் சொல்லுங்கள். மெஷின் இல்லையென்றால் முனையைச் சுற்றி மெல்லிய வெல்டிங் வரி போட்டு அரத்தால் மென்மையாக்கினால் போதும்.

இயந்திரத்தின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸையும், ஐட்லிங்கில் காற்று விடும் ஐட்ல் வால்வின் ஹோஸையும் மறந்துவிட்டு, கடைசியில் வாயை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரீதரை அடைத்தால் கிரேங்க் கேஸில் அழுத்தம் ஏறி ஒயில் சீல் கசியும். எயார்புளோ சென்சர் உள்ள காரில் இந்த இரண்டும் சென்சருக்குப் பின்னால்தான் குழாயில் சேரவேண்டும். முன்னால் சேர்த்தால் பிரீதரின் ஒயில் ஆவி சென்சரின் கம்பியில் படியும். ஐட்ல் வால்வு இழுக்கும் காற்றும் சென்சரின் வழியாக ஒழுங்காக வராது. டர்போ காரில், த்ரொட்டில் மூடும்போது புளோ ஓப் வால்வு திருப்பிவிடும் காற்றும் சென்சருக்கும் டர்போவுக்கும் இடையில்தான் வரவேண்டும், ஏனென்றால் அந்தக் காற்று ஏற்கெனவே எண்ணப்பட்டது. இந்த முனைகளை முழு வெல்டிங்குக்கு முன்பே ஓட்டை போட்டு ஒட்டிவிடுங்கள்.

8. கழுவுங்கள், கசிவு பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவரின் கார் எனக்குக் கவலை தருகிறது. பில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இருக்கும் ஒவ்வொரு உலோகத் துகளும் நேராக சிலிண்டருக்குள் போகும். உள்ளே உள்ள வெல்டிங் வரிகளைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுங்கள். அப்புறம் நன்றாக உலரவிடுங்கள்.

கசிவுக்கு, சென்சரைக் கழற்றி அதன் துளையையும் சிறிய முனைகளையும் அடைத்து, இரு பெரிய முனைகளிலும் மூடி போடுங்கள். ஒன்றில் டயர் வால்வு இருக்கட்டும். சைக்கிள் பம்பால் 3 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி மூட்டுகளில் சோப்பு நுரை தடவுங்கள். நுரை கொப்பளித்தால் திரும்ப வெல்டிங். மூடிகளின் நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் வேகமாகப் பறக்கும்.

9. பொருத்துதல்

குழாயின் எடையைச் சிலிக்கன் ஹோஸ் தாங்கக் கூடாது. நடுவில் ஒரு பிராக்கெட், அதற்கும் காரின் உடற்பகுதிக்கும் இடையில் றப்பர். ஹோஸுக்குள் இரு பக்கக் குழாயும் 25 மில்லிமீற்றராவது நுழையட்டும், இரு முனைகளுக்கும் நடுவில் 10 முதல் 20 வரை இடைவெளி. இடைவெளி இல்லையென்றால் இயந்திரம் ஆடும்போது உலோகம் உலோகத்தில் இடிக்கும். மிக அதிகமானால் டர்போவின் உறிஞ்சலில் ஹோஸ் உள்ளே ஒடுங்கும்.

டர்போ இல்லாத காருக்குச் சாதாரண ஹோஸ் கிளிப் போதும். சென்சரின் அம்புக்குறி இயந்திரத்தைப் பார்க்கவேண்டும். ஒயில் பூசும் பில்டர் என்றால் மிகக் குறைவாகப் பூசி ஒரு இரவு விடுங்கள். கூடினால் ஒயில் சென்சரின் கம்பியில் படியும். கம்பியைக் கையாலோ துணியாலோ தொடாதீர்கள், அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டும்.

10. ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

முதல் நாளில் எடுத்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். பியூவல் ட்ரிம் பழைய எண்ணிலிருந்து 5 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. எல்லா வேகத்திலும் ஒரே அளவாகக் கூடியிருந்தால் சென்சர் பகுதியின் விட்டத்தைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் மட்டும் கூடி, வேகத்தில் இறங்கினால் த்ரொட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது. வேலை செய்யும்போது தட்டிவிட்ட வெக்யூம் ஹோஸ்களைப் பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தெரியும்வரை முழு த்ரொட்டில் போடவேண்டாம்.

காற்றின் வெப்பம், ஓடும்போது வெளி வெப்பத்தைவிட 5 முதல் 10 பாகைக்குள் இருக்கவேண்டும். அதைவிட அதிகமென்றால் பெட்டியின் மேல் பீடிங் பொனட்டில் சரியாக ஒட்டவில்லை. சோக் தூளை பீடிங்கில் பூசி மூடினால் எங்கே படவில்லை என்பது பொனட்டில் தெரியும்.

முதல் 100 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லாக் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்குங்கள். சிலிக்கன் சூட்டில் படிந்து கொஞ்சம் தளரும். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் ட்ரிம் எண்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். பலத்த மழையில் ஓடிய அன்றே பெட்டியைத் திறந்து அடி ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், யூகலிப்டஸ் இலை ஒன்றே அதற்குப் போதும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் தோட்டத்து மண் வீதியில் ஓடும் காருக்கு, பில்டரின் மேல் ஸ்பொஞ் உறை ஒன்று போட்டு, அதை அடிக்கடி கழுவி உலர்த்தி மாட்டுங்கள்.